பிரிக்கும் பக்கம்

"ஏந் தம்பி, இசைவாணிங்கறது ஒன்னோட புனைபேரா?"

முன்வரிசையிலிருந்து கேட்டவர் சுப்பராயலு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "ஆம்பளைங்க பொம்பள பேருல எழுதறது நம்மூருக்குப் புதுசா என்ன?" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். மென்பொருள் வெளியீட்டுக்காகச் சிதம்பரம் கீழவீதியில் வாடகைக்குப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கூடம் கொல்லென்று சிரித்தது. மேடையில் கணினிப் பக்கங்களைச் சுவரில் விழவைத்துக் காட்டிக்கொண்டிருந்த செம்பியனும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான். கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து மூன்றாவது வரிசையில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்த இசைவாணிக்குக் காதெல்லாம் எரிந்தது.

நாலு வருஷ உழைப்பு. கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் அவளும், சிதம்பரத்தில் அவனும், ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். ஊர், கோயில், ஆள், புத்தகம் என்று எதைக் கொடுத்தாலும் எதற்கு எதோடு உறவு என்று இணையத்தில் கோத்துக் காட்டும் 'டாபிக் மேப்' மென்பொருள். யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். அவளுடையது உள்ளே கெட்டி, பார்க்கச் சகிக்காது. அவனுடையது பார்க்க லட்சணம், உள்ளே ஓட்டை. ஒரே ஜில்லாவில் எதற்கு இரண்டு என்று மின்மடற்குழுவில் எல்லோரும் கேட்க, 2008 பொங்கல் கழிந்ததும் அவளே போன் செய்தாள். அவன் வந்தான், வயிறாரச் சாப்பிட்டான், "ரெண்டு பேரு பேரும் சமமா நிக்கும் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டையும் இணைத்த அன்று அவனுடைய 'திருவதிகைக் கோயிலும்' அவளுடைய 'அதிகை வீரட்டானமும்' ஒரே கோயில்தான் என்று கண்டு ஒன்றாகி, இரண்டு பெயரோடும் திரையில் வந்தன. ஒரே இணைய முகவரி கொடுத்திருந்தால் இரண்டும் ஒரே பொருள் என்பது விதி. அந்த விதியை எழுதியவள் அவள்தான். தப்பாகச் சேர்ந்துவிட்டால் பிரிப்பதற்கும் ஒரு பக்கம் எழுதி வைத்தாள். "சேக்கறதுக்குத்தான் மேடம் ஆளு வருவாங்க, பிரிக்கறதுக்கு யாரு வரப்போறா?" என்று அவன் அப்போது கேலி செய்தான்.

இன்றைக்கு 'ஆக்கியோர்' பக்கத்தில் பெரிய எழுத்தில் செம்பியன். அடியில் பொடி எழுத்தில் 'வேறு பெயர்: இசைவாணி'.

டீ இடைவேளையில் அவனைப் பிடித்தாள். "இத முன்னாடியே பாத்தீங்களா சார்?"

"போன வாரமே பாத்தேன் மேடம். நம்ம ரெண்டு பேருக்கும் புது சைட் அட்ரஸையே அடையாளமா குடுத்துட்டேன். அது ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு நெனச்சிக்கிச்சி. சின்ன விஷயம்தான, அப்புறம் பாத்துக்கலாம்."

சின்ன விஷயமாம்! அவன் பெயர் இவள் பெயருக்கு அடியில் போயிருந்தால் ஒரு வாரம் விட்டு வைத்திருப்பானா? மென்பொருள் அதற்குச் சொன்னதைத்தான் செய்தது, அதற்கு மானம் ரோஷம் கிடையாது. பார்த்துவிட்டும் சபையில் சிரித்தானே, அவனுக்குமா கிடையாது? டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு மேடையேறினாள்.

"மேடம், என்ன பண்றீங்க? எல்லாரும் உள்ள வந்துட்டாங்க."

"வரட்டும்."

கணினி முன் உட்கார்ந்து பிரிக்கும் பக்கத்தைத் திறந்தாள். இரண்டு ஆளையும் தனித்தனியாக்கு என்று கொடுத்தாள். சேர்ப்பது மென்பொருளுக்கு நொடி வேலை. சேர்ந்து கிடக்கும் உழைப்பில் எது யாருடையது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாகக் கேட்கும்படிதான் அவள் எழுதியிருந்தாள். சுவர் முழுக்க முதல் கேள்வி வந்து நின்றது: 'சேர்க்கும் விதி. எழுதியவர் யார்?' கீழே இரண்டு பெயர்கள்.

இசைவாணி எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

"நான் அழுத்துனா நானே சொல்லிக்கிட்டதா ஆயிடும். நீங்க அழுத்துங்க சார். இன்னும் நெறைய கேக்கும், ஒண்ணொண்ணா அழுத்துங்க. இருந்து பாத்துட்டுதான் போறேன்."

"அப்ப இசைவாணிங்கறது..." என்று இழுத்த சுப்பராயலு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

செம்பியன் உட்கார்ந்தான். சுவரில் இரண்டு பெயர்களுக்கும் நடுவே அம்புக்குறி போவதும் வருவதுமாக இருந்தது.