ஒரே ஒரு பேட்டரி

...அணைத்துவிடலாமா, இல்லை இன்னும் கொஞ்சம் ஓடட்டுமா, எல்லாப் பெண்களும் கூட்டமாகத்தானே நீந்திப் போகிறார்கள், இதில் நம் பெண் எப்சியின் தலை எது, குடியாத்தத்துப் பெண் ஹரிணியின் தலை எது என்று ரியாத்தில் வேலையில் இருந்துகொண்டு பார்க்கப்போகிற மனைவி கேத்தரினுக்கு என்ன தெரியப்போகிறது, அத்தனை பேருக்கும் ஒரே மஞ்சள் தொப்பி, ஏரியில் யாரோ எலுமிச்சம்பழத்தைக் கொட்டிவிட்ட மாதிரி... போதும். இன்பசேகரன் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினார், கேமரா ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது, தண்ணீர் தெறிக்காமல் இருக்க அதற்குப் போட்டிருந்த பாலிதீன் பையின் வாயை ரப்பர் பேண்டோடு இறுக்கிவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். பேட்டரிக் குறியில் மூன்று கோடு இருக்கிறது, இந்த மூன்று கோட்டை வைத்துக்கொண்டுதான் அக்கரையில் நட்டிருக்கிற கொடிவரைக்கும் போக வேண்டும். காவேரிப்பாக்கம் ஏரி இத்தனை அகலம் என்று பஸ்ஸில் போகும்போது தெரிந்ததே இல்லை, பல வருஷம் கழித்து நிரம்பியிருக்கிறது, கரையில் நின்று பார்த்தாலே கண் கூசுகிறது, நடுவில் பரிசலில் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். நாலு பரிசல் கூட வருகிறது, இவருடையதைத் துடுப்புப் போடுகிறவர் உள்ளூர் மீன்காரர் சம்பத். "இன்னா சார், அதுக்குள்ள மூடிட்டீங்க? பாப்பா போய்க்கினே இருக்குதே," என்றார். "பேட்டரிங்க, மிச்சம் புடிக்கணும்," என்றார் இவர். சம்பத்துக்கு அது புரிந்ததா தெரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

மிச்சம் பிடிப்பது இவருக்கு ஒன்றும் புதிதில்லையே, ஆஸ்பத்திரி ஆபீசில் இருபது வருஷமாக எழுதித் தீர்ந்த ரீஃபில்லைக்கூட உள்ளங்கையில் உரசிப் பார்த்துவிட்டுத்தான் குப்பையில் போடுகிற மனுஷன், அதற்காகக் கஞ்சப் பிசுநாரி என்று கேத்தரின் வாய்விட்டே சொல்லியிருக்கிறாள், சொல்லிவிட்டுச் சிரிப்பாள், அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று, போனில் சிரித்தால் அது நாலு நொடி கழித்துத் தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி வருகிறது. கேமராவை அவள்தான் ரியாத்திலிருந்து யாரோ ஒரு நர்ஸம்மா கையில் கொடுத்து அனுப்பினாள், கூட இன்னொரு பேட்டரி கேட்டிருந்தார், அந்தம்மா லக்கேஜ் ஜாஸ்தி என்று விட்டுவிட்டு வந்துவிட்டார், யாரைக் குறை சொல்ல. இருக்கிற ஒன்றும் வரவர சோடை போகிறது என்று, டார்ச் லைட் செல்லை வைக்கிற மாதிரி அதை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலில் காயவைத்தார் பாருங்கள், நல்லவேளை கடித்துப் பார்க்கவில்லை! வீடியோக் கடை நசீர் அகமதுவிடம் அதைச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். "யா அல்லா, இது செல்லா சார்? சூடு காட்னா செத்துடும். சைடுல தொறக்குது பாருங்க சின்ன டி.வி., அதத் தொறக்கவே தொறக்காதீங்க, ஜாஸ்தி குடிக்கிறது அதான். ஓட்டையில கண்ண வெச்சுப் பாருங்க. ஜூம் கம்மியா பண்ணுங்க. எடுத்தத உடனே ரீவைண்ட் போட்டுப் பாக்க ஆச வரும், பாத்தீங்க, அப்புறம் பேஜார்தான். வேணும்ங்கறப்ப ஆன் பண்ணுங்க, வேணாம்னா சுத்தமா ஆஃப். சும்மா முழிச்சிக்கினு வெச்சிருக்காதீங்க." வேதவசனம் மாதிரி அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார், ஈரக் கர்ச்சீப்பைப் பையின்மேல் போட்டு நிழல்கூடக் காட்டுகிறார்.

வெள்ளிக்கிழமை போனில் கேத்தரின் என்ன சொன்னாள்... "என்னங்க, ஒரு நிமிஷம்கூட விடாம எடுங்க. முடியலன்னா, அவ கரையேர்றதயாவது கண்டிப்பா எடுத்துடுங்க. நான் இங்க வேற எதப் பாக்கப்போறேன்." அப்புறம் வழக்கம்போல, "உங்களுக்கென்னங்க, பொண்ணு கூட இருக்கா." ஒவ்வொரு வாரமும் இதைச் சொல்லாமல் அவள் போனை வைத்ததில்லை. ஆமாம், எனக்கென்ன, பொண்ணு கூட இருக்கிறாள், காலையில் பல் தேய்த்துக்கொண்டே பாடுகிறாள், ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறாள், இட்லிக்குச் சட்னி தண்ணியாக இருக்கிறதென்று முகத்தைச் சுளிக்கிறாள், சத்துவாச்சாரி வீட்டில் சத்தம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது எப்சி போடுகிற சத்தம்தான். இன்றைக்கு முதல் இரண்டு இடத்துக்குள் வந்துவிட்டால் அந்தச் சத்தமும் சென்னை விளையாட்டு விடுதிக்குப் போய்விடும். முதல் இரண்டு பேருக்குத்தான் இடம், மூன்றாவதாக வந்தால் ஒரு கப்பும் கைதட்டலும், அதோடு வீட்டுக்கு. மூன்றாவது வந்தால் என்ன கெட்டுப்போயிற்று, சின்னப் பெண்தானே, அடுத்த வருஷம்... சீச்சீ, என்ன நினைப்பு இது, பெற்ற அப்பன் நினைக்கிற நினைப்பா, ஊரே நம் பெண் ஜெயிக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறபோது. இன்பசேகரன் சட்டென்று கேமராவை எடுத்து ஆன் செய்தார், நினைப்பை அணைக்கிறதற்கு வேறு பொத்தான் எங்கே இருக்கிறது.

முன்பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது, படம் ஓடுகிறது என்பதற்கு அடையாளம். ஓட்டைக்குள் கறுப்பு வெள்ளையில் எப்சி தெரிந்தாள், இடது கை தண்ணீரில் கொஞ்சம் அகலமாக விழும், அதை வைத்து எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். கூட்டம் இப்போது கலைந்துவிட்டது, முன்னால் மூன்று பேர், ஹரிணி முதலில், அப்புறம் இன்னொருத்தி, அவளை ஒட்டி எப்சி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே எப்சி விறுவிறுவென்று எட்டிப் போட்டாள், அந்த இன்னொருத்தியின் தோளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள், பேஷ்... சரி, இவ்வளவு போதும், ஆஃப். கண்ணை எடுத்துப் பார்த்தால் எப்சியின் வேகம் குறைந்திருந்தது. தற்செயல், மூச்சு வாங்குகிறாள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி ஆன் செய்தார், மறுபடி அதே விறுவிறுப்பு. ஆஃப், மறுபடி தொய்வு. மூன்றாம் தடவை வேண்டுமென்றே செய்து பார்த்தார், அப்படியே நடந்தது. பக்கவாட்டில் மூச்சு எடுக்கும்போது முகம் பரிசல் பக்கம்தானே திரும்புகிறது, சிவப்புப் பொட்டைப் பார்க்கிறாள், பொட்டு எரிந்தால் அம்மா பார்க்கிறாள் என்று அர்த்தம், அணைந்தால் வெறும் அப்பாதான், வெறும் அப்பாவுக்காக எதற்கு உயிரைக் கொடுத்து நீந்த வேண்டும். கோபம்கூட வந்தது, அற்பக் கோபம், சட்னி அரைத்துக் கொடுப்பது யார், அவள் நீந்திப் பழகுகிற கிணற்று மேட்டில் துண்டை வைத்துக்கொண்டு வருஷக் கணக்காக நிற்பது யார்...

"சார், எடுங்க சார், பாப்பா பின்னால போவுது," என்று சம்பத் அவசரப்படுத்தினார். "பேட்டரி..." என்றார் இவர். இருந்ததோ ஒன்றரைக் கோடு. கரையேறுவதற்கு வேண்டுமே, கேத்தரின் அதைத்தானே கேட்டாள், நசீர் பாய்கூடச் சுத்தமா ஆஃப் என்றுதானே சொன்னார், நியாயமான காரணம், யார் வந்து கேட்டாலும் சொல்லலாம். ஆனால் கட்டைவிரல் பொத்தான்மேல் இருக்கிறது, அழுத்தினால் பெண் போகிறாள், அழுத்தாவிட்டால் நிற்கிறாள், நான் மிச்சம் பிடிப்பது பேட்டரியையா, பெண்ணையா? ஆண்டவரே, இது என்ன கேள்வி. காலையில் கிளம்பும்போது எப்சி முழங்காலில் நின்று, "ஜெபம் பண்ணுங்கப்பா," என்றாளே, என்ன ஜெபம் பண்ணினேன், பிதாவே, உம்முடைய சித்தம் எதுவோ அது இவள் வாழ்க்கையில் நிறைவேறட்டும் என்று பதவிசாக முடித்தேன், ஆமென் சொன்னதும் அவள் ஒரு கண்ணைத் திறந்து, "ஜெயிக்கணும்னு கேக்கவே இல்லியேப்பா?" என்றாள், "சித்தம்னா அதுவும் சேந்ததுதான்மா," என்று மழுப்பினேன். வாய் வரைக்கும் வந்தது, ஜெயிக்க வேண்டும் என்று கேட்க, நாக்கு புரளவில்லை. கேட்டுவிட்டால் அவர் கொடுத்துவிட்டால்? அப்புறம் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து, பூட்டைத் திறந்து, லைட்டைப் போட்டு, யாரிடம் போய் இன்றைக்கு என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்பேன். வேலூரில் இத்தனை லட்சம் ஜனம் இருந்து என்ன, எனக்கு அந்த ஒரு ஈரத் துண்டுதான் ஊர்.

கொடி பக்கத்தில் வந்துவிட்டது, கரையில் ஜனங்கள் கத்துவது கேட்கிறது, ஹரிணி கைக்கு எட்டாத தூரம் போய்விட்டாள், இரண்டாவது இடத்துக்குத்தான் போட்டி, எப்சி ஒரு ஆள் நீளம் பின்னால், தொய்ந்துபோய், இடது கை தண்ணீரை விட்டு எழவே மாட்டேன் என்கிறது. ஒரு கோடுதான் மிச்சம், அதுவும் விட்டு விட்டு மின்னுகிறது. இப்போது போட்டால் கரையேறுவதற்குள் தீர்ந்துவிடும், கேத்தரின் கேட்ட படம் கிடையாது. போடாவிட்டால் படம் இருக்கும், மூன்றாவதாகக் கரையேறுகிற படம், கூடவே பெண்ணும் இருப்பாள், இன்னும் ஒரு வருஷம், நிச்சயமாக ஒரு வருஷம்... தண்ணீருக்கு மேலே எப்சியின் வாய் ஒரு தடவை திறந்து மூடியது, கிணற்றில் முதல்முதலாக இறங்கின நாளில் பயந்துபோய்த் திறந்த அதே வாய். அடப் பாவி, போடுடா! இன்பசேகரன் பொத்தானை அழுத்தினார், அழுத்தினதோடு நிற்காமல் பரிசல் ஆடுவதைப் பார்க்காமல் எழுந்து நின்றார், "சார், கவுந்துடும் சார், ஒக்காருங்க!" என்று சம்பத் கத்தினார், இவர் கேட்கவில்லை, கேமராவை ஓட்டையில் கண் வைக்காமலே தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார், பார்த்துக்கொள், எரிகிறது பார், அம்மா பார்க்கிறாள், போ, போய்விடு, எங்கே வேண்டுமானாலும் போ... எப்சி போனாள். எங்கிருந்து வந்ததோ அந்த வேகம், ஒரு கை, இரண்டு கை, அந்தப் பெண்ணின் இடுப்பு, தோள், தலை, தாண்டிவிட்டாள். தலைக்கு மேலே கேமரா கீச்சென்று ஒரு சத்தம் போட்டுச் செத்தது, கொடிக்கு இன்னும் இருபது அடி இருந்தது, அந்த இருபது அடியை இன்பசேகரன் வெறும் கண்ணால் பார்த்தார், கண்ணிலும் தண்ணீர், அது ஏரித் தண்ணீரா என்று துடைத்துப் பார்க்கவில்லை.

பரிசல் கரை தட்டுவதற்குள் எப்சியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது, கோச் பிரேம்குமார் அவள் முதுகைத் தட்டி, "செகண்ட்! செகண்ட்!" என்று கூவிக்கொண்டிருந்தார். இன்பசேகரன் முழங்கால் சேற்றோடு போய்த் துண்டைப் போர்த்தினார், பெண் வெடவெடவென்று நடுங்கினாள், உதடு நீலம் பாரித்திருந்தது, சிரித்தாள். "பேட்டரி போய்டுச்சும்மா, நீ கரையேறினது வரல," என்றார், அதைத்தான் முதலில் சொல்லத் தோன்றியது, என்ன செய்ய. "பரவால்லப்பா, அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்." நீச்சல் கண்ணாடியைக் கழற்றி ஊதினாள். "ஆரம்பத்துலயே இது ஆவி புடிச்சிடுச்சு, ஒண்ணுமே தெரியல, மங்கலா கொடி மட்டும்தான். சார் சொன்ன மாதிரி எண்ணிக்கினே வந்தேன், நூறு கை வேகமா, அப்புறம் கொஞ்சம் மெதுவா, மறுபடி நூறு. கடைசில எண்ணவே இல்ல, போட்டேன்." துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே ஏரிப் பக்கம் திரும்பி, கரையில் வரிசையாக ஒதுங்கியிருந்த நாலு பரிசலையும் பார்த்தாள். "நீங்க எந்தப் பரிசல்லப்பா வந்தீங்க?"

"அதோ... அதான்மா, மூணாவது," என்றார் இன்பசேகரன். எப்சி பார்த்தாள், சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள், யாரோ கூப்பிட்டார்கள், போட்டோவுக்கு நிற்கப் போய்விட்டாள். பார்க்கவே இல்லை. அணைத்ததையும் பார்க்கவில்லை, தூக்கிப் பிடித்ததையும் பார்க்கவில்லை, அவள் பாட்டுக்கு எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள்... நான் பிடித்து வைக்கவும் இல்லை, அனுப்பி வைக்கவும் இல்லை. நல்லதுதானே, பாவம் ஒன்றும் சேரவில்லையே, பிறகு ஏன் நெஞ்சு இப்படிக் கனக்கிறது. பாலிதீன் பைக்குள் கேமரா இன்னும் சூடாக இருந்தது, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார், போட்டோவுக்கு வாங்க என்று இவரை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை போன் வரும், செகண்ட் வந்ததற்குக் கேத்தரின் அழுவாள், ஸ்தோத்திரம் சொல்லுவாள், அழுது முடித்த பிறகு, துண்டு துண்டாக இவ்வளவுதான் எடுத்தீங்களா, மீதி நேரமெல்லாம் பரிசல்ல ஒக்காந்து என்னதாங்க பண்ணிக்கினு இருந்தீங்க என்று கேட்பாள், கேட்காமல் விடமாட்டாள், அவளுக்கு என்ன சொல்வது... அவளை விடுங்கள், எனக்கே என்ன சொல்லிக்கொள்வது.