குறிஞ்சிப்பாறைக்குப் போகிற ரோடு

கம்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கும் அனுசுயா, சித்திரை மாதத்தில் நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு சைக்கிளில் மலைப்பக்கம் கிளம்பினாள். வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. காமயகவுண்டன்பட்டியில் அண்ணன் தங்கப்பாண்டியன் குடும்பத்தோடுதான் இருப்பு.

"பொம்பள தனியா அந்த மலைக்குள்ள போறதுக்கு இப்ப என்ன அவசியம்?" என்று அண்ணன் கேட்டான்.

"ஆம்பளைக போனா அவசியம் கேப்பீகளா?" என்று சொல்லிவிட்டு அவள் டயருக்குக் காற்றடித்தாள்.

முதல் நாள் தேனி. இரண்டாம் நாள் கண்டமனூர் வழியாகக் கடமலைக்குண்டு. அங்கே உடன் படித்த ஒருத்தி வீட்டில் இரவு தங்கினாள். மூன்றாம் நாள் விடியும் முன்பே கிளம்பி, மலைமேல் இருக்கிற குறிஞ்சிப்பாறை என்ற சிற்றூருக்கு மிதித்தாள். அறுபது வீடுகள் உள்ள ஊர் என்றும், மேலே போனால் ஏப்ரல் வெயிலிலும் குளிரும் என்றும் தோழி சொல்லியிருந்தாள்.

இரண்டு பக்கமும் இலவ மரங்கள். காய் வெடித்து, பஞ்சு ரோட்டோரப் புல்லில் ஒட்டிக் கிடந்தது. ஏற்றம் கடுமை. இருப்பதிலேயே லேசான கியரிலும் தொடை எரிந்தது. ஆனாலும் இறங்கித் தள்ளக்கூடாது என்று அவளுக்கு ஒரு வீம்பு. மூச்சை எண்ணி எண்ணி மிதித்து ஒரு வளைவு திரும்பினால், ரோட்டுக்குக் குறுக்கே ஆள் உயரத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு கேட். பூட்டு தொங்கியது.

பக்கத்துக் கூண்டிலிருந்து யூனிபார்ம் போட்ட காவலாள் எழுந்து வந்தார். சட்டையில் செல்லப்பாண்டி என்று பேர் குத்தியிருந்தது.

"மேடம், இது பிரைவேட் ரோடு. மேல ரிசார்ட் இருக்கு. ரூம் போட்டிருக்கீகளா?"

"இல்லண்ணே. குறிஞ்சிப்பாறைக்குப் போறேன்."

"ஊர்க்காரங்க ஓடைப்பாதையிலதான் போவாக. சைக்கிளு அங்கன ஏறாது. நீங்க திரும்பிப் போயிருங்க."

கம்பி இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள். பத்தடி தள்ளி ஒரு மைல்கல் நின்றது. சுண்ணாம்பு உதிர்ந்திருந்தாலும் எழுத்து தெரிந்தது: குறிஞ்சிப்பாறை, நான்கு கிலோமீட்டர்.

"அந்தக் கல்ல உங்க முதலாளியா நட்டாக?"

செல்லப்பாண்டி கல்லைப் பார்த்தார்.

அந்நேரம் ஓடைப் பள்ளத்திலிருந்து ஒரு பொம்பளை தலையில் பஞ்சு மூட்டையோடு ஏறி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். மூட்டையை இறக்க அனுசுயா கை கொடுத்தாள். பேர் முத்துமாரியம்மாள், குறிஞ்சிப்பாறைக்காரி. சந்தைக்குப் போகிறாளாம்.

"டெம்போ வந்துக்கிட்டிருந்த ரோடுத்தா இது" என்றாள் மூச்சு வாங்க. "கேட்டப் போட்டு ஒம்பது மாசமாச்சு. இப்ப எல்லாம் தலச்சுமதான். கார்த்திக மழையில இந்த ஓடையில வழுக்கி விழுந்தேன், இந்தா பாரு." வலது மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணி, எலும்பு தப்பாகச் சேர்ந்திருந்தது.

"கேக்கலையா யாரும்?"

"கேட்டோம். பேப்பர் இருக்குன்னு சொன்னாக. படிக்கத் தெரிஞ்சவுக யாரும் அதப் பாக்கல."

அனுசுயா வேலையிலும் வீட்டிலும் ஒதுங்கிப் போய்ப் பழகியவள். பதவி உயர்வை நேற்று வந்த பையனுக்குக் கொடுத்தபோதும் ஒதுங்கினாள். அண்ணன் மகன் பெரியவனானதும் ரூமைக் கொடுத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். ஆனால் இரண்டு நாளாகச் சொந்தக் காலில் மிதித்து இத்தனை தூரம் ஏறி வந்த உடம்புக்கு, இன்றைக்கு ஒதுங்க மனசில்லை.

"நான் இங்கனயே இருக்கேண்ணே. திறக்கும்போது போறேன்" என்று சொல்லி, சைக்கிளை கேட்டை ஒட்டிக் குறுக்கே நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செல்லப்பாண்டி போன் பண்ணினார். கால் மணி நேரத்தில் மேனேஜர் வினோத்ராஜ் ஜீப்பில் இறங்கி வந்தான். முப்பது வயது, இஸ்திரி போட்ட சட்டை, சிரித்த முகம்.

"சாரி மேடம். இந்த ஆளுக்கு யாரை விடணும்னு தெரியல. நீங்க சைக்கிள்ல டூர் வந்திருக்கீங்க, பெருமையா இருக்கு. வாங்க, காபி சாப்பிட்டு அப்படியே மேல போங்க."

பூட்டு திறந்தது. ஒரு சைக்கிள் நுழையும் அளவுக்கு கேட் விலகியது.

அவ்வளவு தூரம் மிதித்து வந்தவளுக்கு அந்தச் சந்து பெரிய ஆசைதான். எழுந்து ஹேண்டில்பாரைப் பிடித்தும்விட்டாள். பிறகு முத்துமாரியம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"யக்கா, சந்தைக்கு நாளைக்குப் போலாமா? மூட்டையத் தூக்குங்க. ரெண்டு பேரும் இப்பிடியே ஊருக்குப் போவோம்."

வினோத்ராஜின் சிரிப்பு நின்றது. "அவங்களுக்கு வேற பாதை இருக்கு மேடம்."

"அப்ப எனக்கும் இந்தப் பாதை வேணாம். திறந்தா எல்லாருக்கும் திறங்க."

"உங்களுக்கு இதுல என்ன சம்பந்தம்?"

"ரோட்டுல போறவ நான். எனக்குத்தான் சம்பந்தம்."

அதற்குள் மேலேயிருந்து அறையைக் காலி செய்துகொண்டு இரண்டு கார்கள் இறங்கி வந்து நின்றன. ஹாரன் அடித்தார்கள். வினோத்ராஜ் ஜீப் டிரைவரைப் பார்த்து, "சைக்கிளை எடுத்து ஓரமாப் போடுறா" என்றான். டிரைவர் சைக்கிளைத் தூக்கி ஓடைப்பக்கம் வீசினான். முன் சக்கரம் பாறையில் மோதிய சத்தம் கேட்டது.

அனுசுயா பள்ளத்தில் இறங்கினாள். ரிம் அப்பளம் போலக் கோணியிருந்தது. இரண்டு கம்பிகள் அறுந்து நீட்டிக்கொண்டிருந்தன. பின்னாலேயே முத்துமாரியம்மாளும் இறங்கி வந்தாள். ஒருத்தி முன்னாலும் ஒருத்தி பின்னாலும் பிடித்து, இருவருமாக அதை மேலே தூக்கி வந்து, அதே இடத்தில், இந்தத் தடவை படுக்கப் போட்டார்கள். சைக்கிளுக்கு இந்தப் பக்கம் அனுசுயா, அந்தப் பக்கம் பஞ்சு மூட்டைமேல் முத்துமாரியம்மாள்.

"போலீசக் கூப்பிடுவேன்" என்றான் வினோத்ராஜ்.

"கூப்பிடுங்க. நானும் அதத்தான் சொல்ல நெனச்சேன்."

வெயில் ஏறியது. சேதி தெரிந்து குறிஞ்சிப்பாறையிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கேட்டின் உள்பக்கம் கார்களுக்குப் பின்னால் இருபது பேர், முப்பது பேர். யாரும் கூச்சல் போடவில்லை. ரோட்டிலேயே உட்கார்ந்தார்கள். செல்லப்பாண்டி தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து அனுசுயாவிடம் கொடுத்தார். மேனேஜர் முறைத்தபோது, "வெயில்ல மயங்கி விழுந்தா நாமதான சார் பதில் சொல்லணும்?" என்றார்.

பதினொரு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். இரண்டு பக்கமும் கேட்டார். "ரோடு உங்களுதுன்னா பேப்பர் காட்டுங்க" என்றார் வினோத்ராஜிடம்.

"மதுரை ஆபீஸ்ல இருக்கு சார்."

"போட்டோவாவது இருக்கா?"

அவன் போனைத் தடவிக்கொண்டே நின்றான். சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே போய் மைல்கல்லைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "பேப்பர் வர்ற வரைக்கும் கேட்டத் திறந்து வைங்க. மத்தத தாசில்தார் பாத்துக்கிடட்டும். நீங்களும் பிரச்சினை பண்ணாமக் கிளம்புங்கம்மா."

"எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்புறேன் சார். சைக்கிள உடைச்சதுக்கு ஒண்ணு, ரோட்ட மறிச்சதுக்கு ஒண்ணு." ஜீப்பின் பானெட்டில் வைத்தே இரண்டு மனு எழுதினாள். இரண்டாவதில் படித்தவர், படிக்காதவர் என்று முப்பத்தோரு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். முத்துமாரியம்மாள் கோணிய கையால் அழுத்தி வைத்தாள்.

பிறகு ஊர்க்காரர்கள் நடு ரோட்டில் நடந்து மேலே போனார்கள். பின்னால் ரிசார்ட்டுக்குப் புதிதாக வந்த ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்தது. யாரும் ஓரம் போகவில்லை; அவசரப்படவும் இல்லை. அனுசுயா முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர்கள் நடுவே நடந்தாள். தள்ளக்கூடாது என்று காலையில் இருந்த வீம்பு இப்போது ஞாபகத்துக்குக்கூட வரவில்லை.

மத்தியானம், கடமலைக்குண்டுத் தோழி மூலம் சேதி கேட்டு அண்ணன் போன் பண்ணினான். "எங்கன இருக்க? சண்டை போட்டியாமே? பேசாம பஸ் ஏறி வா."

"நாளைக்கு வர்றேன். இன்னைக்கு இங்கன கறிக்குழம்பு."

மூன்று வாரம் கழித்து சர்வேயர் சங்கிலியோடு வந்து அளந்தார். ரோடு ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தம் என்று எழுதினார். கேட் கழன்றது; தூண் இரண்டும் இன்னும் நிற்கின்றன. டெம்போ மறுபடி ஏறுகிறது. செல்லப்பாண்டியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர் இப்போது கடமலைக்குண்டில் பஞ்சு மண்டியில் இருக்கிறார். உடைந்த சக்கரத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அனுசுயா தானே புதுசு வாங்கி மாட்டினாள். கார்களை வழிமறித்தாள் என்று ரிசார்ட் அவள்மேல் ஒரு வழக்குப் போட்டிருக்கிறது. வாய்தாவுக்குப் போய் வருகிறாள்.

போன வாரம் வினோத்ராஜே போனில் கூப்பிட்டான். "வழக்க வாபஸ் வாங்கிர்றோம் மேடம். இனிமே நீங்க இந்தப் பக்கம் வராம இருந்தாப் போதும்."

"வழக்க நடத்துங்க தம்பி" என்றாள் அனுசுயா. "ஞாயித்துக்கெழம கம்பத்துல இருந்து பதினாலு பேர் வர்றோம். எல்லாரும் சைக்கிள்லதான்."