நீல நூல் கட்டிய நட்டு

"கையக் கழுவிட்டு வந்து உக்காரு மைதீனு. மண்ணெண்ண வாடையோட மய்யித்துக்கிட்ட இருக்கலாமா?" என்று நாத்தனார் சுல்தான் பீவி இரண்டாம் முறையாகச் சொன்னாள்.

மைதீன் பீவிக்குக் காதில் விழுந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. காலையில் மண்ணெண்ணெயில் சைக்கிள் நட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த கை அது. வாசலில் மாட்டுவண்டி நிற்கும் சத்தம் கேட்டு எழுந்து வந்தவள், வைக்கோலின் மேல் தன் புருஷன் கிடப்பதைப் பார்த்த பிறகு அந்தக் கையைத் துடைக்கக்கூட இல்லை.

நூருல் அமீன் செல்லூர்த் தறிகளில் கைலி எடுத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்த் திருமங்கலத்தில் விற்று வருகிறவர். நாற்பத்திரண்டு வயது. தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. இப்போது மண்டையைச் சுற்றித் துண்டு கட்டி, வெள்ளைத் துணி மூடிக் கிடந்தார். வண்டியோட்டி வந்த சின்னக்கருப்பன் வாசலில் புதிதாக யார் வந்தாலும் முதலிலிருந்து சொன்னார்.

"என்னயத் தாண்டித்தாங்க போனாரு. 'என்னண்ணே, மாடு தூங்குதா'ன்னு கேட்டுச் சிரிச்சாரு. பாலத்து எறக்கத்துல முன்சக்கரம் கழண்டுக்கிட்டுத் தனியா ஓடுச்சு. மனுசன் தலகுப்புறக் கல்லுல விழுந்துட்டாரு. நான் எறங்கி ஓடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சுங்க. சக்கரம் வயலுக்குள்ள கெடந்துச்சு, அதையும் எடுத்தாந்துட்டேன்."

கேட்டவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். மைதீன் பீவிக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. சக்கரம் தானாகக் கழலாது. நட்டு கழன்றால்தான் சக்கரம் கழலும்.

நட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு கோரிப்பாளையத்தில் எந்த ஆம்பிளைக்கும் தெரியாது. அவள் தம்பி சிஹாபுதீன் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தான். வெள்ளைக்காரனுக்கும் ஜப்பானுக்கும் சண்டை தொடங்கியதும் இங்கிலாந்திலிருந்து வரும் சீமைச் சாமான் நின்றுபோனது. பழைய ஜப்பான் சாமான் மட்டும் யார் யார் வழியாகவோ கைமாறி வந்தது. எதிரி நாட்டுச் சாமானைப் போலீஸ் பார்த்தால் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று அவனுக்குப் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஜப்பான் நட்டில் இருந்த எழுத்தை அரத்தால் ராவித் தள்ளியவன், அதே வேகத்தில் சீமை நட்டையும் ராவிவிட்டான். கடைசியில் எது எந்த ஊர் நட்டு என்று அவனுக்கே தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு அக்காவிடம் கொண்டுவந்தான்.

இரண்டுக்கும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே சுற்றி ஓடும் மரையின் புரியில் மட்டும் நூலிழை வித்தியாசம். சீமை அச்சில் ஜப்பான் நட்டைப் போட்டால் முதலில் சுற்றும், பிறகு சிக்கும். ஸ்பேனர் வைத்து முறுக்கினால் இறுகிவிட்டது போலவே தெரியும். ஆனால் ஓட ஓட மரையைத் தின்றுவிடும். அதனால் மைதீன் பீவி அடுப்படி மாடத்தில் இரண்டு அச்சுகள் வைத்திருந்தாள், சீமை ஒன்று, ஜப்பான் ஒன்று. ஒவ்வொரு நட்டையும் கழுவி, இரண்டிலும் போட்டுப் பார்த்துப் பிரிப்பாள். சீமை நட்டுகளை மட்டும் இரண்டிரண்டாகச் சேர்த்து, புருஷன் கொண்டுவரும் தறிக்கழிவில் நீல நூல் எடுத்துக் கட்டி வைப்பாள். தம்பி நீல நூலைப் பார்த்தால் போதும், யோசிக்காமல் எடுத்து மாட்டுவான்.

நூருல் அமீனின் சைக்கிள் அசல் சீமை வண்டி. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் சிஹாபுதீன்தான் அதற்கு முன்சக்கரம் மாட்டிக் கொடுத்தான். இன்று காலை வண்டியை உருட்டியபோது 'டக்' என்று ஏதோ தட்டியது. "என்ன சத்தம்?" என்று கேட்டாள். "கல்லா இருக்கும், உள்ள போ" என்றார். சந்து முனை திரும்பும் வரை அது தட்டிக்கொண்டே போனது. கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"எந்திரி மைதீனு. மய்யித்தக் குளிப்பாட்டப் போறாங்க" என்று சுல்தான் பீவி கையைப் பிடித்துத் தூக்கினாள்.

அடுப்படிக்கு வந்து தண்ணீர் மொள்ளும்போது, கம்பி ஜன்னல் வழியாகக் கொல்லையில் தம்பியைப் பார்த்தாள். கக்கத்தில் முன்சக்கரம். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு அதை விறகுக் குவியலுக்குப் பின்னால் செருகினான். மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் போனான்.

மைதீன் பீவி தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். பாவி, பிரிக்காத டப்பாவிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறான். அவசரக்காரன். சிக்கினால் ஸ்பேனரால் முறுக்குகிறவன். என் புருஷனைக் கொன்றுவிட்டு, விதி என்று சொல்கிற கூட்டத்தில் போய் நிற்கிறான். இத்தனை பேர் முன்னால் அந்தச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் காலடியில் போட வேண்டும் என்று நினைத்தாள். இரண்டு பிள்ளைகளோடு இனி அவன் வீட்டுச் சோற்றுக்குத்தான் போக வேண்டும் என்பதும் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் கேட்காமல் விட முடியாது.

பெண்கள் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். அவள் கொல்லைக்குப் போய்ச் சாக்கை விலக்கினாள். சக்கரத்தில் வயல் சேறு இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது. அச்சின் ஒரு பக்கம் நட்டு இல்லை. மறுபக்கத்து நட்டு விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு கையில் வந்தது. மரை தேய்ந்து போன அச்சு அதைப் பிடித்து வைக்கவில்லை.

அடுப்படிக்குத் திரும்பி, மாடத்திலிருந்த ஜப்பான் அச்சை எடுத்து அந்த நட்டைப் போட்டாள். ஒரே சுண்டு. கடைசி வரைக்கும் தடையில்லாமல் ஓடியது.

ஜப்பான் நட்டேதான். நினைத்தது சரி என்று தலையை நிமிர்த்தியபோது விரல் நுனியில் என்னவோ உறுத்தியது. நட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். மரைக்குள் நசுங்கிப் போய், ஒரு நகக்கண் நீளத்துக்கு நூல் சிக்கியிருந்தது.

நீல நூல்.

பிரிக்காத டப்பா நட்டில் நூல் இருக்காது. நூல் கட்டுவதற்கு இந்த வீட்டில் ஒரு கைதான் இருக்கிறது.

போன வியாழக்கிழமை. அச்சில் போட்டுப் பார்க்காமல் நகத்தால் மரையைத் தடவியே பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாகவே அப்படித்தான். பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "எதுக்கும் அச்சுல ஒரு தடவ போட்டுப் பாத்துருக்கா" என்றான். "என் நகத்துக்குத் தெரியாத மரையாடா?" என்று சிரித்தாள். பக்கத்தில் கைலி மடித்துக்கொண்டிருந்த நூருல் அமீனும் சேர்ந்து சிரித்தார். "ஒங்க அக்கா நகத்தப் பாத்தா சீமைக்காரனே பயப்படுவான் மாப்ள" என்றார்.

அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். தம்பி மறைத்தது தன் குற்றத்தை அல்ல. யாரைத் திட்டலாம் என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தவளுக்கு, ஆள் கிடைத்துவிட்டது.

அஸர் தொழுகைக்கு முன் கபன் துணி சுற்றி, மய்யித்தை ஏற்றிய சந்தூக்கை முற்றத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். கடைசியாக முகம் பார்க்க வீட்டார் வந்தார்கள். தூக்குவதற்கு முன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். அதைக் கேட்க வேண்டியவன் சிஹாபுதீன்.

அவன் பெண்கள் இருந்த கூடத்துத் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். திரை முழுதாக மூடவில்லை. பேச வாயெடுத்தவனின் கண், அவள் மூடி வைத்திருந்த கைக்குப் போனது. பிறகு அடுப்படி வழியே கொல்லைப் பக்கம் போனது. சாக்கு தரையில் கிடப்பது அங்கிருந்தே தெரிந்தது.

"அக்கா" என்றான். "ஸ்பேனரு போட்டது நாந்தேன்க்கா. சிக்குச்சு. சிக்குனது எனக்குத் தெரிஞ்சுச்சு."

"இப்ப எதுக்குடா அதெல்லாம்? கேக்க வேண்டியதக் கேளு, நேரமாவுது" என்றாள் சுல்தான் பீவி.

அவன் சந்தூக்கைப் பார்த்தபடி கேட்டான். "மச்சான் ஒனக்கு ஏதாச்சும் கொற வச்சிருந்தா, மனசு நோகப் பேசியிருந்தா, எல்லாத்தையும் மாப்பு செஞ்சிட்டேன்னு சொல்லுக்கா."

மைதீன் பீவி மூடிய கைக்குள் நட்டை இன்னும் இறுக்கினாள்.

"சொல்லும்மா" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "ஒரு வார்த்த சொன்னாத்தான் அவரு நிம்மதியாப் போவாரு."

"மாப்பு செஞ்சேன்" என்றாள். எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. "என்னய மாப்பு செய்யச் சொல்லி அவருகிட்ட யாரு கேப்பா?"

"எல்லாப் பொண்டாட்டியும் கேக்குறதுதான் தாயி" என்று சுல்தான் பீவி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதாள். சிஹாபுதீன் திரையை இழுத்து மூடினான்.

வெளியே கலிமாச் சத்தம் எழுந்தது. சந்தூக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு சந்தில் நடக்கும் காலடிகள், காலையில் சைக்கிள் போன வழியே போய் முனையில் திரும்பின.

"இப்பவாச்சும் கையக் கழுவு மைதீனு, வாடை போகட்டும்" என்று சுல்தான் பீவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மைதீன் பீவி கையை நீட்டினாள். விரல்களை மட்டும் பிரிக்கவில்லை. மூடிய கையின் மேலேயே தண்ணீரை ஊற்றினாள் சுல்தான் பீவி.