பன்னிரண்டு பாட்டில்கள்

பன்னிரண்டு பாட்டிலிலும் கிருமி. புதன்கிழமை காலை பத்தரை மணிக்குப் பரிசோதனைக்கூடத்து அக்கா அந்தத் தாளை இன்ஜினியர் மேஜையில் வைத்தபோது, நான் கதவோரம் கோப்புகளோடு நின்றிருந்தேன். பன்னிரண்டு தெருவின் குடிநீர் என்று அந்தப் பாட்டில்களில் சீட்டு எழுதி ஒட்டியவள் நான். தண்ணீர் மொத்தமும் நகராட்சி அலுவலகத்துச் சமையலறைக் குழாயில் பிடித்தது.

செய்யச் சொல்லி யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் சாவி அண்ணன்தான் வழி காட்டினார். வால்வு திறக்கும் நீளச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டே திரிவதால் அவருக்கு அந்தப் பெயர்.

"பன்னெண்டு தெரு சுத்தினா கால்தான் தேயும் தங்கச்சி. தெருவுல வர்ற தண்ணிதான் இங்கயும் வருது."

சீட்டில் நேரத்தை மட்டும் ஏழேழு நிமிடம் தள்ளி எழுத வேண்டும். நடுவில் ஒருமுறை பேனாவை மாற்ற வேண்டும். எனக்கு வசதியாக இருந்தது. செய்தேன்.

ஆறு மாதப் பயிற்சியில் பத்து நாள் பாக்கி. முடித்தால் நிரந்தர வேலை. இல்லையென்றால், படிப்பை விட்ட பிறகு மூன்று வருடம் கிடந்த அதே பார்சல் கிடங்கு, அதே இரவு ஷிப்ட். "பத்து நாள் வாயைத் தைச்சுட்டு இரு" என்று அன்று காலையில்கூட அம்மா சொல்லித்தான் அனுப்பினாள்.

"பன்னெண்டும் எப்படிம்மா ஒரே நாள்ல கெடும்?" இன்ஜினியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எண்ணிக்கைகூட ஒண்ணுபோல இருக்கு சார். ஒரே பிரசவத்துல பொறந்த மாதிரி." அக்கா சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"முதல்ல மெயின் வால்வை மூடுங்க. மத்ததை அப்புறம் பாப்போம்."

உள்ளே நின்றிருந்த சாவி அண்ணன் கிளம்பினார். என்னைக் கடக்கும்போது உதடு அசையாமல் பேசினார். "மூச்சு விடாத. ரெண்டு நாள் மூடி, மருந்து போட்டுத் திறந்துடுவாங்க. நீயும் பொழச்ச, நானும் பொழச்சேன்."

சரியாகத்தான் பட்டது. லாரியில் தண்ணீர் அனுப்புவார்கள். தெருக்காரர்கள் திட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். தலையை ஆட்டினேன்.

சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கீழ்த்தளத்தில் ஊழியர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, பெரிய ஜக்கைக் குழாயடியில் வைத்திருந்தாள். மெயினை மூடினாலும் மாடித் தொட்டியில் இருப்பது தீரும்வரை இதில் வரும். இந்தத் தண்ணீர்தான் கெட்டது என்று இருவருக்கு மட்டுமே தெரியும். இன்னொருவர் மெயினை மூடப் போய்க்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் ஜக்கைத் தட்டிவிட்டேன்.

"ஏண்டி, பேய் பிடிச்சிருக்கா? துணியெல்லாம் நனைச்சிட்டியே!"

"குழந்தைங்களுக்கு இதையா குடுக்கறீங்க?"

"தினமும் இதுதான். நேத்து மூணு குழந்தைக்கு வயித்தால போச்சு, அதைத் துடைச்சே இடுப்பு போச்சு. நீ வேற!"

சத்தம் கேட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். சாவி அண்ணனும் பாதியில் திரும்பி வந்தார். இன்ஜினியர் சமையலறை வாசலில் நின்றார். சொன்னேன். பன்னிரண்டு பாட்டிலும் இந்தக் குழாயில் பிடித்தது என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"எத்தனை வாரமா?"

"இருபத்திரெண்டு சார்."

"அப்போ தெருத் தண்ணி நல்லாருக்கா, இல்லையா?"

"தெரியாது சார்."

"நான் அப்பவே சொன்னேன் சார், நேர்ல போய் எடு தங்கச்சின்னு" என்றார் சாவி அண்ணன். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்க கேக்குதுங்க?"

இன்ஜினியர் அவர் பக்கம் திரும்பினார். "ஏழாவது தெருவுல எந்தக் குழாய்ல எடுக்கணும்?"

"முனைக் குழாய்ல சார். எத்தனை வருஷமா எடுக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"அதைப் பிடுங்கிட்டு ரோடு போட்டு நாலு வருஷம் ஆச்சு."

சாவி அண்ணன் சாவியைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்தார்.

"உன் சான்றிதழ்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் இன்ஜினியர் என்னிடம். "நாளைலேர்ந்து வராத. ஆனா சாயங்காலத்துக்குள்ள எனக்குப் பன்னெண்டு பாட்டில் வேணும், அனுப்ப ஆள் இல்ல. இந்த அக்கா கூட வருவா. போறியா?"

கோபத்தில்கூட அவர் குரல் உயரவில்லை. அழவேண்டும் போல இருந்தது, நேரமில்லை. "போறேன் சார்."

முதல் தெருவில் நாங்கள் தட்டிய வீட்டில் நடுவயதுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். நகராட்சியிலிருந்து பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க வந்திருக்கிறோம் என்றேன்.

"அட, இதெல்லாம்கூட எடுப்பீங்களா?"

"வாராவாரம் எடுப்போம்" என்றாள் அக்கா, பழக்கத்தில்.

"பதினோரு வருஷமா இங்கதான் இருக்கேன். ஒரு ஈ காக்கா வந்ததில்ல."

அக்கா பையிலிருந்து முதல் பாட்டிலை எடுத்தாள். நான் வாசல் குழாயைத் திறந்தேன். பிடிப்பதற்கு முன் இரண்டு நிமிடம் ஓடவிட வேண்டும். ஓடவிட்டேன்.