நம்ம பையன் ஆண்ட்ரூஸ்

ஃப்ளெக்ஸின் கடைசிக் கயிற்றை மின்கம்பத்தில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவன், "நேரா இருக்குதுங்களாண்ணா?" என்று ஏணி மேலிருந்து கேட்டான்.

ஆரோன் தோள்பையை இறக்காமலே அண்ணாந்து பார்த்தான். ஃப்ளெக்ஸ் நேராகத்தான் இருந்தது. அதில் எழுதியிருந்ததுதான் கோணல். 'கண்ணீர் அஞ்சலி. திரு. ச. ராயப்பன், ஃபோர்மேன் (ஓய்வு), அனல்மின் நிலையம், மேட்டூர். அடக்கம் இன்று மாலை நான்கு மணி. இப்படிக்கு, மகன்கள்: ஆரோன், ஆண்ட்ரூஸ்.'

ஆரோன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. முப்பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஓசூரிலிருந்து வரும் வழியெல்லாம் அழுகை வரவில்லை. இப்போது அந்த இரண்டாவது பெயரையே மறுபடி மறுபடி வாசித்தான். அப்பாவுக்கு இன்னொரு குடும்பமா? அந்த மனுஷனுக்கா? பந்து எண்ணுவதற்காக அம்பயர் கோட்டுப் பையில் ஆறு கூழாங்கல் வைத்திருப்பாரே, அதைத் தவிர வேறு எதையும் ஒளித்து வைக்கத் தெரியாதவர். வேலை நேரம் போக மீதி வாழ்க்கையை சேலம் மாவட்டத்து மைதானங்களில் வெள்ளைக் கோட்டுடன் நின்றே கழித்தவர். ராயப்பன் விரலைத் தூக்கிவிட்டால் எவனும் வாய் பேசாமல் போய்விடுவான்.

சந்திலிருந்து சின்னராஜ் வேகமாக வந்தார். பங்குக் கோயிலின் உபதேசியார். வெள்ளைச் சட்டை, கையில் ஜெபப் புத்தகம்.

"வந்துட்டீங்களா ஆரோன். ராத்திரி பூரா உங்களுக்கு அடிச்சுட்டே இருந்தோம்."

"நைட் ஷிஃப்ட்டுங்க. ஃபோன் லாக்கர்ல இருந்துச்சு. காலைல ஆறு மணிக்குத்தான் பாத்தேன்."

"பரவால்லீங்க. பிரிண்டிங்காரன் அவசரப்படுத்தினான், எனக்குத் தெரிஞ்சதக் குடுத்துட்டேன். தம்பிக்குச் சொல்லிட்டீங்களா?"

"எந்தத் தம்பிங்க?"

சின்னராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆரோனின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். குரல் இறங்கியது.

"அண்ணந்தம்பிக்குள்ள ஆயிரம் இருக்குமுங்க. நான் ஏன் எதுக்குன்னு கேக்கல. அப்பா அங்க படுத்துக் கெடக்கறாரு. இன்னைக்கு ஒரு நாளைக்கு அத விட்டுருங்க."

ஆரோன் மாடிப்படி ஏறினான்.

கூடத்தில் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் அப்பா இஸ்திரி போட்ட சட்டையுடன், கையில் ஜெபமாலை சுற்றி, யாரோ வாரிவிட்ட தலையுடன் இருந்தார். வகிடு மாறியிருந்தது. சரிசெய்யக் கை போய், கண்ணாடியில் இடித்துக்கொண்டது. சுற்றிலும் கோயில்காரப் பெண்கள் ஜெபமாலை சொன்னார்கள். ஒருவரையும் அவனுக்குத் தெரியவில்லை. அம்மா இறந்து பதினோரு வருஷத்தில் அவன் இந்த ஊருக்கு வந்தது கிறிஸ்துமஸ்களை எண்ணினால் தெரிந்துவிடும்.

கீழ்வீட்டு கமலவேணி, வீட்டுக்குச் சொந்தக்கார அம்மாள், காபி டம்ளரைக் கையில் திணித்தாள்.

"ஒரு வாய் குடி சாமி. நாந்தான் மொதல்ல பாத்தேன். ரசம் குடுக்கலாம்னு எட்டு மணிக்கு மேல வந்தேன். டிவி ஓடிட்டுக் கெடந்துச்சு. 'ஏனுங்க, நம்ம பையன் இன்னும் நிக்கறாருங்களா'ன்னு கேட்டேன். பதிலே இல்ல. நாற்காலில உக்காந்தவாக்குலயே..." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உன்ற தம்பி ஆட்டத்தப் பாத்துக்கிட்டேதான் சாமி போச்சு உசுரு. அதுவரைக்கும் நிம்மதி."

"டிவியிலயா?"

"ஆமா. உன்ற தம்பி டிவில வந்துட்டா அப்பா 'வாங்கம்மா, நம்ம பையன் எறங்கிட்டான்'ம்பாரு. அந்த இரும்புத் தொப்பிய மாட்டிக்கிட்டா எனக்கு மூஞ்சியா தெரியுது? செயின்ட் வின்சென்ட்டுல இருக்கறாருன்னு சொன்னாரு. அது ஆஸ்டலா சாமி?"

கிரிக்கெட்டை விட்டு இருபது வருஷம் ஆகியும், செயின்ட் வின்சென்ட் விடுதி அல்ல, கரீபியக் கடலில் ஒரு தீவு என்பது ஆரோனுக்கு மறந்துபோகவில்லை. அடுக்களைப் பக்கம் ஒதுங்கி ஃபோனில் தேடினான். கிடைத்துவிட்டான். ஆண்ட்ரூஸ், வெஸ்ட் இண்டீஸ், இடது கை ஆட்டக்காரன், வயது இருபத்து நான்கு. நேற்றைய ஆட்டத்தில் நாற்பத்தாறு. தொப்பியைக் கழற்றிவிட்டு, முத்து முத்தான பற்கள் தெரியச் சிரிக்கிற ஒரு கறுப்பினப் பையன்.

சாவு வீட்டில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. காபியை விழுங்கி அதை உள்ளே அனுப்பினான்.

ஜெபமாலை முடிந்து எழுந்த ஒரு வயதான பெண் அவன் கன்னத்தைத் தொட்டாள். "தம்பிக்குத் தலை இப்ப நிக்குதாப்பா?"

"தலையா?" என்று கேட்டான் ஆரோன். பின்னால் நின்ற சின்னராஜ்தான் விளக்கினார். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளில் வேண்டுதல் பெட்டி வைப்பார்கள். சீட்டில் எழுதிப் போட்டால் அவர் மைக்கில் வாசிப்பார். எல்லோரும் சேர்ந்து மன்றாடுவார்கள். மூன்று வருஷமாக ராயப்பன் ஒரு செவ்வாய்கூடத் தவறாமல் எழுதிப் போட்டிருக்கிறார்.

"'ஆண்ட்ரூசுக்குத் தலை சாயாமல் நிற்க'ன்னு எழுதுவாருங்க. என்னமோ நரம்பு வியாதின்னு நெனச்சோம். பெத்தவருகிட்ட அதப் போய்க் கேக்க முடியுங்களா? இப்ப ஒரு வருசமா தலைக்கு எழுதறதில்ல. சரியாயிருச்சு போலன்னு சந்தோசப்பட்டோம். 'ஆண்ட்ரூசுக்குப் பொறுத்துப் போகிறவர்கள் அமைய'ன்னு எழுத ஆரம்பிச்சாரு. பொண்ணு பாக்கறாங்கன்னு நெனச்சோமுங்க."

டிவியில் கிரிக்கெட் பார்க்கிற வயசுப் பிள்ளைகள் நவநாளுக்கு வருவதில்லை. வந்திருந்தால் ஒரு வாரத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆனால் ஆரோனுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. தலை சாய்கிறது என்ற அந்த ஒரு சொல் அவன் காதிலேயே நின்றுவிட்டது.

அது அவனுடைய வியாதி.

பத்தொன்பது வயதில், சேலத்தில், மாவட்ட அணிக்கான தேர்வு. தேர்வாளர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் அப்பா. பந்துவீசுகிறவனுக்குப் பின்னால், அம்பயர் நிற்கிற இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆரோன் அன்று நன்றாகவே ஆடினான். மற்ற இருவரும் அவன் பெயரை எழுதிவிட்டார்கள். அப்பாதான் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "தலை ஆஃப் சைடுல சாயுது. பந்து உள்ள வந்தா கால்ல வாங்கி அவுட் ஆவான். தேறமாட்டான்." எழுதிய பெயரை அடித்தார்கள். சொந்த மகனுக்கே விட்டுக்கொடுக்காத மனிதர் என்று ஊர் ஒரு மாதம் மெச்சியது. ஆரோன் மட்டையைப் பரணில் போட்டவன் பிறகு எடுக்கவே இல்லை.

இப்போது ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. அளவு தப்பிய உதிரி பாகத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து ஒதுக்க வேண்டும். அந்தக் கோட்டை இழுக்கும்போதெல்லாம் அப்பா ஞாபகம் வரும்.

குவைத்திலிருந்து மனைவி பிரின்சி அழைத்தாள். அங்கே நர்ஸ், லீவு கிடைக்கவில்லை. மொட்டை மாடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுதாள்.

"சொல்லிடு ஆரோன், தம்பி எல்லாம் இல்லன்னு. நாளைக்குப் பேச்சாயிடும்."

"சொல்லணும். முதல்ல எனக்கு ஒண்ணு தெரியணும்."

"என்ன?"

"இல்ல. வெச்சுடறேன்."

அப்பாவின் அறையில் கட்டில், சிலுவை, ஸ்டூல். ஸ்டூலின் மேல் ஒரு நீளமான ஸ்கோர் நோட்டு. கதவை ஒருக்களித்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து பிரித்தான். ரன் கணக்கு எதுவும் இல்லை. முதல் பக்கம் தொடங்கி எல்லாம் ஒரே ஆளைப் பற்றித்தான். அப்பாவின் கையெழுத்து, அம்பயர் ரிப்போர்ட் எழுதுகிற அதே நடை.

'ஆண்ட்ரூஸ். வயது 21. இடது கை. மட்டையைக் கல்லிப் பக்கமிருந்து இறக்குகிறான். கவர் டிரைவ் அழகு. ஆனால் பந்து வருமுன் தலை ஆஃப் சைடுக்குச் சாய்ந்துவிடுகிறது. உள்ளே வரும் பந்துக்கு முன்கால் தாமதம். தேறமாட்டான்.'

அதே சொல். ஆரோன் பக்கத்தைத் திருப்பினான்.

'இரண்டு முறை எல்பிடபிள்யூ. சொன்னேன்.'

'ஷார்ட் பாலுக்குப் பயம் இல்லை. பின்காலில் எழுந்து மணிக்கட்டைத் தளர்த்தி, காலடியிலேயே பந்தை இறக்குகிறான். இது சொல்லிக்கொடுத்து வருவதல்ல.'

'தலை இன்னும் சாய்கிறது. 0, 4, 11. அணியில் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று தெரியவில்லை.'

'சுழற்பந்துக்கு இறங்கி வந்து ஆடத் தொடங்கியிருக்கிறான். 72. தலை சாய்கிறது.'

பக்கம் பக்கமாக அப்பா ஒருவனைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மூன்று வருஷம். ஆரோனுக்குப் பொறாமையாக இருந்தது. தன்னை அவர் பார்த்தது ஒரே ஒரு காலைப்பொழுது, பன்னிரண்டு ஓவர்.

நோட்டின் பாதிக்கு மேல், போன வருஷத் தேதியில், ஒரு நீளமான குறிப்பு இருந்தது.

'இன்று பக்கவாட்டு கேமராவில், மெதுவாகக் காட்டினார்கள். நான்கு தடவை பார்த்தேன். தலை சாய்கிறது, ஆனால் பந்து மட்டையில் படும்போது அசைவதில்லை. சாய்ந்த இடத்தில் கல்லு மாதிரி நிற்கிறது. கண் பந்தை விடவில்லை. சாய்வது குற்றம் இல்லை. அசைவதுதான் குற்றம். அம்பயர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் சாய்வது மட்டும்தான் தெரியும். நான் எப்போதும் அங்கேயே நின்றவன்.'

அதற்கு அடியில் ஒரு வரி இடம் விட்டு: 'பத்தொன்பது வயதில் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது.'

ஆரோன் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனான். வயது 21 என்று தெளிவாக இருந்தது. ஆண்ட்ரூஸை அப்பா பத்தொன்பது வயதில் பார்த்ததே இல்லை. பத்தொன்பதில் பார்த்தது யாரை என்று ஆரோனுக்குத் தெரியும். தன் பெயர் எங்காவது இருக்கிறதா என்று நோட்டைக் கடைசி வரை புரட்டினான். எங்கும் இல்லை. கடைசிக் குறிப்பு முந்தாநாள் தேதியில் இருந்தது: 'பொறுத்துப் போகிறவர்கள் அமைந்ததால் தேறிவிட்டான்.'

கோபம்தான் முதலில் வந்தது. இதை ஃபோனில் சொல்லியிருக்கலாமே? ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிட்டு "சாப்ட்டியா" என்று கேட்டவருக்கு இந்த நாலு வரியைச் சொல்ல வாய் வரவில்லையா? அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. போன வருஷம்தான். "ஒரு பையன் ஆடறான்டா. நீ பாத்தியா?" என்று ஆரம்பித்தார். "நான் கிரிக்கெட் பாக்கறதில்லப்பா" என்று சொன்னான். "சரி, சாப்ட்டியா?" என்றார்.

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே சவப்பெட்டி வந்து இறங்கும் சத்தம் கேட்டது.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் தாழவில்லை. மரங்களுக்கு அப்பால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரிந்தது. சாமியார் குழியை மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். மறையுரையில் 'இரண்டு புதல்வர்களை இறைவனின் கொடையாகப் பெற்ற தந்தை' என்றார். சொல்வதற்கு அதுதான் தருணம். ஆரோன் வாயைத் திறக்கவில்லை. பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள்.

"மூத்தவங்க மொதல்ல," என்று சின்னராஜ் அவனைக் குழியோரம் கூட்டிப் போனார். பிறகு காதோரம் குனிந்தார். "கோவிச்சுக்காதீங்க. வர முடியாத பையன் பங்கையும் போட்டுரணும், இல்லாட்டி அவருக்குக் கொறையாப் போயிரும். தம்பிக்கும் சேத்து ரெண்டு புடியாப் போட்டுருங்க."

அவர் முகத்தில் கெஞ்சல் இருந்தது. மூன்று வருஷம் அந்தப் பையனுக்காக மைக்கில் மன்றாடியவர் அவர். ஆரோன் தலையை ஆட்டினான்.

"சரிங்க. போடறேன்."

முதல் பிடியை ஆண்ட்ரூஸுக்காக அள்ளினான். அது சுலபமாக வந்தது. செம்மண் பெட்டியின் மேல் விழுந்து சத்தம் எழுப்பியது. கடலுக்கு அந்தப் பக்கம் பொழுது விடிந்து அவன் இன்றைய ஆட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான். மேட்டூரில் ஒருவர் தன் தலைக்காக அந்தோணியாரிடம் வழக்காடியது அவனுக்குத் தெரியப்போவதில்லை.

தன்னுடைய பிடிக்குக் குனிந்தபோது மண் விரலிடுக்கில் ஒழுகிவிட்டது. மறுபடி அள்ளினான். எழுந்து நின்றும் போட முடியவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

கல்லறைப் பக்கம் வந்தே பழக்கமில்லாத கமலவேணி, கூட்டத்தின் ஓரத்திலிருந்து சின்னராஜிடம் மெல்லச் சொன்னாள்.

"பாருங்க, பெரியவனுக்கும் லேசாத் தலை சாயுதுங்க."

அது ஆரோனுக்குக் கேட்டது. தலையை நிமிர்த்தாமல், அசையாமல், குழியைப் பார்த்தபடியே கையைத் திறந்தான்.