பதினைந்தாவது நிமிடம்

வண்டி சரியாகப் பதினைந்து நிமிடம் ஓடும். அப்புறம் இருமும், திக்கும், நின்றுவிடும். பத்து நிமிடம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பும். எனக்கு எரிச்சல்தான். ஆனால் அதைவிட, அதென்ன கணக்காகப் பதினைந்து என்ற குடைச்சல் அதிகம்.

மறுநாள் திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு நான் புது வேலையில் சேர வேண்டும். ரத்தப் பரிசோதனைக் கூடம். வீட்டிலிருந்து நாற்பது நிமிடம், அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. முதல் நாளே தாமதமானால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். மூன்று வருடம் வேலை தேடி அலைந்து கிடைத்தது. விடுவேனா?

மெக்கானிக் இரண்டு முறை பார்த்துவிட்டு, "அக்கா, பேசாம இத வித்துடுங்க" என்றான். இனி அவனை நம்பிப் பிரயோசனமில்லை என்று நானே வாசலில் உட்கார்ந்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, நோட்டில் எழுது என்பது நான் படித்த பாடம். பிளக் மாற்றினேன். பதினைந்து. பெட்ரோலை வடித்துப் புதிதாக ஊற்றினேன். பதினைந்து. ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தேன். பதினான்கரை!

என் வீட்டுக்காரர் தையல்காரர். முன்னறையில் மெஷினை மிதித்தபடியே, "என்ன சொல்றாரு உன் நோயாளி?" என்று கேட்டார். நான் நோட்டில் பதினான்கரை என்று எழுதினேன். பதில் சொன்னால் சண்டையாகும்.

நாலாவது தடவை வண்டி தெருமுனையில் நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. அப்படியே உதைத்தேன், உடனே கிளம்பிவிட்டது. காத்திருக்கவே இல்லை. நடுத்தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன்.

மூடியில் ஊசிமுனையளவு ஓட்டை ஒன்று உண்டு. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் வராமல் மக்கர் பண்ணும் இல்லையா? அதே கதைதான். பெட்ரோல் இறங்க இறங்க அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். ஊதிப் பார்த்தேன், ஓட்டை சுத்தமாக இருந்தது. பின்னே அடைப்பது எது?

நோட்டைப் புரட்டினேன். வண்டியில் மாறியதையெல்லாம் எழுதியிருந்தேன், ஒன்றைத் தவிர. வேலை கிடைத்த அன்று அவர் ஆசையாகத் தைத்துக் கொடுத்த டேங்க் உறை. துணிதானே, அதை வண்டியோடு சேர்த்து நான் எண்ணவே இல்லை. உள்ளே ரப்பர் ஷீட், மூடிக்கு மேலே எலாஸ்டிக் வைத்த இறுக்கமான மடிப்பு. "ஒரு சொட்டு மழைத்தண்ணி உள்ள போகாது" என்று பெருமையடித்தார். அவர் தையல் அப்படி. காற்றும் போகவில்லை; பத்து நிமிடம் நின்றால்தான் கொஞ்சம் கசிந்து போகும்.

"என்னங்க, கோவிச்சுக்காதீங்க" என்று விஷயத்தைச் சொன்னேன்.

"துணி போய் வண்டிய நிறுத்துமா? ஓட்டிக் காட்டு" என்று கடிகாரத்தோடு பின்னால் ஏறினார். மடிப்பைத் திறந்து வைத்து ஓட்டினேன். இருபத்தைந்து நிமிடமாகியும் ஓடியது. அடுத்து மடிப்பை மூடிவிட்டு ஓட்டினேன். பதினைந்தில் நின்றது. இறங்கி உறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒரு வாரமா உன்ன நடுரோட்டுல நிறுத்துனது நான்தானா?"

அவர் முகம் சுண்டிப்போனது. "அதான் கண்டுபிடிச்சாச்சே. கழட்டி வெச்சிட்டுப் போறேன், விடுங்க."

"ஏன் கழட்டணும்? எத்தன சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்திருக்கேன், உன் வண்டிக்கு ஒண்ணு எடுக்க மாட்டேனா?"

வீட்டுக்கு வந்ததும் மடிப்பைக் கத்தரியால் கீறி, அதே நிற நூலில் கையாலேயே காஜா எடுத்தார். அதன் மேல் மழை படாதபடி ஒரு குட்டிக் கூரையும் வைத்தார். பிறகு, "வா, உன் ஆபீஸ் வரைக்கும் போய்ப் பாத்துடலாம்" என்றார்.

பதினைந்தாவது நிமிடம் வந்தபோது நான் மூச்சுகூட விடவில்லை. அவர் என் தோளைப் பிடித்திருந்தார். பதினாறு. இருபது. நாற்பதாவது நிமிடத்தில் வேலையிடத்தின் பூட்டிய கேட் முன்னால் நின்றோம். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கு லீவும்மா."

"தெரியுங்க" என்றார் இவர் பின்னாலிருந்து. "அவங்க நாளைக்குத்தான் வேலைக்கு வராங்க. இன்னைக்கு எனக்குத்தான் பரீட்சை."

வாட்ச்மேனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.