குடியிருப்புத் தெரு

கோபாலபுரத்தில் அந்தத் தெருக்காரர்களுக்கு ஒரே பயம்தான்: தெருவுக்குள் கடை வந்துவிடும். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வெள்ளைத்துரை முனை பங்களாவை வாங்கியதிலிருந்து யாருக்கும் தூக்கமில்லை. மூன்று மாடிக்குக் கடை எழுப்புவார், லாரி வரும், லோடு இறக்குகிறவர்கள் வாசலில் உட்கார்ந்து பீடி குடிப்பார்கள் என்று, நடக்காத விஷயத்துக்கெல்லாம் ஆளாளுக்கு மாய்ந்துபோனார்கள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் மெட்ராஸுக்குப் புதுத் திட்டம் போட்டார்கள். எந்தத் தெரு குடியிருப்பு, எந்தத் தெரு வியாபாரம் என்று பிரிக்கப் போகிறோம், ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று பேப்பரில் வந்தது. தெருச் சங்கத்தின் செயலாளர் அனந்தராமனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் வீட்டுக் கூடத்திலேயே கூட்டம் போட்டார். எழுதி வைத்திருந்த மனுவில் "வணிகக் கட்டடம் வேண்டாம்" என்றிருந்ததை அடித்துவிட்டு, "எந்த விதமான வியாபாரமும் கூடாது" என்று காட்டமாக மாற்றினார். சங்கத் தலைவர் எதிர்வீட்டு ஸ்ரீவத்சன் முதல் கையெழுத்துப் போட்டார். அனந்தராமனின் மகள் வர்ஷினியை இவர் பிள்ளைக்குத்தான் நிச்சயம் செய்திருந்தார்கள், தை மாதம் கல்யாணம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அனந்தராமனின் மனைவி ஜானுவும் போட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், அதே நேரத்தில் அந்த வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் ஜானுவிடம் வேலை பார்க்கும் தேவானை மறுநாளைக்கு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தேனாம்பேட்டை ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு தினமும் அங்கிருந்துதான் கேரியர் கேரியராகப் போகிறது. கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவருக்காவது அது வியாபாரம் என்று தோன்றவில்லையே! ஏன், ஜானுவுக்கே தோன்றவில்லை. வியாபாரம் என்றால் வெள்ளைத்துரை மாதிரித் தெற்கத்திக்காரர்கள் கல்லாவில் உட்கார்ந்து செய்வது. மாமி சமைத்து அனுப்புவது ஏதோ ஒத்தாசை. அந்தத் தெருவுக்கு அப்படித்தான் பார்த்துப் பழக்கம், கர்மம்.

மனு ஜெயித்தது. தெரு குடியிருப்புப் பகுதியாகவே இருக்கும் என்று உத்தரவானது. சொன்னபடி இருக்கிறதா என்று பார்க்க நகரமைப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். முனை பங்களா பூட்டிக் கிடந்தது. அனந்தராமன் வாயெல்லாம் பல்லாகத் தெருவைச் சுற்றிக் காட்டிவிட்டு, வெயிலுக்கு மோர் குடிக்கலாம் என்று வீட்டுக்கே அழைத்து வந்தார். சாம்பார் வாசனை பிடித்து அவள் நேரே கொல்லைக்குப் போய்விட்டாள். பெரிய காஸ் அடுப்புகள், அண்டாக்கள், கேரியர் அடுக்கிய மூன்று சக்கர வண்டி எல்லாம் அங்கே நின்றன.

"இது என்ன சார்?"

"இதுவா? நம்மாத்து சமையல்தான். ஜானு ஏதோ பொழுதுபோகாம பண்ணிண்டிருக்கா."

"காசுக்குத்தானே போகுது?"

அனந்தராமன் மோர் டம்ளரை அவள் பக்கம் நீட்டினார்.

"எந்த விதமான வியாபாரமும் கூடாதுன்னு நீங்கதானே சார் எழுதிக் கொடுத்தீங்க" என்றாள் அவள். கோபமில்லாமல்தான் சொன்னாள். ஒரு மாதத்துக்குள் மூட வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸைவிட அனந்தராமன் சொன்னதுதான் ஜானுவுக்குச் சுட்டது. பொழுதுபோகாமலாம்! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, புடவை எடுப்பது முதல் பிறந்தகம் போவது வரை எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுச் செய்தவள் அவள். அந்தக் கொட்டகையில்தான் அவள் சொல்லி மற்றவர்கள் கேட்டார்கள். ஆபீஸ்களில் 'ஜானு மாமி சாப்பாடு' என்று பேர் சொல்லி வாங்கினார்கள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், பெற்ற பெண்ணைவிட அந்தக் கொட்டகை மேல்தான் அவளுக்கு ஆசை அதிகம்.

"ஆத்து சமையலுக்கு ஆட்சேபம் இல்லைன்னு சங்கத்துலேந்து ஒரு வரி எழுதிக் கொடுங்கோளேன்" என்று கணவரிடம் கேட்டாள்.

"எழுதினா அதையே காட்டி வெள்ளைத்துரையும் உள்ள வந்துடுவான். அப்பறம் தெருவே என்னைக் காறித் துப்பும்."

தேவானைதான் வழி சொன்னாள். "இன்னாமா இப்டி குந்திக்கினு கீறே? அந்தப் பாத்திரக்கடைக்காரரையே போய்க் கேளு. தி. நகர்ல அவருக்கு எடம் கீதுல்ல."

கூச்சத்தில் உடம்பே குன்றிப்போக ஜானு அவர் கடைக்குப் போனாள். வெள்ளைத்துரை அவளை உட்கார வைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

"கடைக்குப் பின்னால எடம் சும்மாதான் கெடக்கு தாயி. நம்ம கடை ஆளுகளுக்கும் நல்ல சோறு கெடைக்கும். நாளைக்கே வாங்க."

மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனுஷர். கேட்டுத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வீட்டில் சொன்னாள். அனந்தராமன் செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய், ஸ்ரீவத்சனைக் கையோடு அழைத்து வந்தார்.

"மாமி, நான் ஒண்ணும் தப்பா சொல்லலை" என்று ஆரம்பித்தார் ஸ்ரீவத்சன். "மனுவுல முதல் கையெழுத்து என்னோடது. இப்போ சம்பந்தியாத்து மாமியே அவன் எடத்துல போய் அடுப்பு மூட்டினா, கேக்கறவாளுக்கு நான் என்ன சொல்றது? கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமான்னு எங்காத்துல கேக்கறா. அவ்வளவுதான்."

மெதுவாக, மரியாதையாகத்தான் பேசினார். வர்ஷினி உள்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போ அம்மா என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. ஜானு கணவரைப் பார்த்தாள். இவ்வளவு நாள் சமைத்ததற்கு ஒரு வார்த்தை இவளுக்காகப் பேச மாட்டாரா என்று பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை தேவானை தி. நகர் போக ஒரு டெம்போ கொண்டு வந்தாள். அடுப்பு, அண்டா, கேரியர் எல்லாம் ஏறியது. தெருவில் பாதிப் பேர் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"நீயும் ஏறும்மா. இன்னா பாத்துக்கினு நிக்கிறே?"

"நான் வரலை தேவானை. நீ நடத்து. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"ஆபீஸ்ல யாரு சாப்பாடுன்னு கேட்டா?"

ஜானு வண்டியில் சாய்ந்திருந்த கேரியர் ஒன்றை நிமிர்த்தி வைத்தாள். "உன் பேரையே சொல்லு" என்றாள்.

டெம்போ போன பிறகு கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். அனந்தராமன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பாடா, இனிமே நீ நிம்மதியா ஆத்தோட இருக்கலாம்" என்றார். பிறகு, "ஒரு வாய் காபி தரயா?" என்று கேட்டார்.

அவள் போய்க் காபி கலந்தாள்.